நோயை மறைத்தல் தகுமோ?

இரும்புக்கும் கொங்கு நாட்டிற்கும் உள்ள உறவு மிகப் பழையது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் முன்னோர் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்வாராய்ச்சியாளர் கண்டறிந்துளர். கோயமுத்தூரின் வார்ப்பாலைகளோ இன்றும் ஓயவில்லை. நம் உதிரத்திற்கும் இரும்பு இன்றியமையாதது. ஆயினும், அவ்விரும்பே மூளையின் உட்பகுதியில் அளவிறந்து படியுமாயின், அது கொடிய நோய்க்கு அறிகுறியாகும். அத்தகைய அரிய நோய்களுள் முதன்மையான ஒன்றைப் பற்றியும், அதனை நம்மவர் நோக்கும் முறையைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

1922-ஆம் ஆண்டில் ஹாலர்வோர்டன், ஸ்பாட்ஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இருவர், ஒரே வயிற்றிற் பிறந்த சகோதரியர் ஐவரிடம் இந்நோயைக் கண்டு எழுதினர். நெடுங்காலம் அவர்கள் பெயராலேயே வழங்கிய இது, இக்காலத்தில் பி.கே.ஏ.என். எனப்படுகின்றது. வாழத் தகாதவரென்று நாஜி ஆட்சியிற் கொல்லப்பட்ட நோயாளரின் மூளைகளை ஹாலர்வோர்டன் ஆராய்ச்சிக்குப் பெற்றுக்கொண்டார். பழைய பெயர் கைவிடப்பட்டதற்கு இதுவே காரணம்.

பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் மூவரையே இந்நோய் பற்றும் என்பது வைத்தியர் மதிப்பு. பெரும்பாலும் ஆறு வயதிற்கு முன்னரே குழந்தை நடக்கையில் அடிக்கடி விழும், நாளடைவிற் கைகால்கள் முறுக்கிக்கொள்ளும், பேச்சுக் குழறும், சிலருக்குக் கண்ணொளியும் மங்கும். எம்.ஆர்.ஐ. படத்தில், இரும்பு படிந்த கருமையின் நடுவே வெண்புள்ளி தோன்றுவதால், அதனைப் 'புலிக்கண்' என்பர்.

2001-இல் ஸூஸன் ஹேஃப்லிக் முதலிய அமெரிக்க அறிஞர் இதன் வேரைக் கண்டனர். வைட்டமின் பி5 என்னும் உணவுச் சத்தை உடல் பயன்படுத்துதற்கு உதவும் மரபணு ஒன்று பழுதுறுதலே காரணம். இரும்பு பின்னர் வந்து சேர்வதேயாம். அதனாற்போலும், இரும்பை அகற்றும் டெஃபெரிப்ரோன் என்னும் மருந்தின் சோதனை முடிவு 2019-இல் வெளிவந்தபொழுது, மூளையில் இரும்பு குறைந்ததாயினும் நோயின் வேகம் ஐயமறத் தணிந்ததென்று கூற இயலவில்லை.

தீர்க்கும் மருந்து இல்லாத இடத்தில் அறிவே மருந்து. இம்மரபணு தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இரண்டும் பழுதுற்றாலன்றி நோய் தோன்றாது. ஒன்று மாத்திரம் பழுதுற்றோர் நம்மைப்போலவே நலமுற வாழ்வர். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு.

இனி நம் நாட்டு வழக்கத்தை நோக்குவோம். கொங்கு வேளாளர் ஆந்தை, தூரன், கண்ணன் முதலிய கூட்டங்களாகப் பிரிந்து, ஒரே கூட்டத்திற் பெண் கொள்வதில்லை. இது மிக நல்ல விதியே. ஆனால் அது தந்தைவழி உறவை மட்டுமே விலக்குகின்றது. மாமன் மகளும் அத்தை மகளும் வேறு கூட்டத்தவராயினும், உதிர உறவில் சிற்றப்பன் மகளுக்குச் சமமான நெருக்கமுடையவரே. மரபணுவுக்குக் கூட்டம் தெரியாது.

ஒரு வீட்டில் இந்நோயுற்ற பிள்ளை இருப்பதாகக் கொள்வோம். அதன் நலமுள்ள தமையன், பழுதுற்ற மரபணு ஒன்றைத் தாங்கியிருக்க மூன்றில் இரண்டு பங்கு இடமுண்டு. அவன் தாய்மாமன் மகளை மணப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் அபாயம் ஏறக்குறைய 24-இல் 1. உறவல்லாத பெண்ணை மணப்பின் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒரு நோய்க்குள்ளே இத்துணை வேற்றுமை!

இங்ஙனமிருக்க, நம் குடும்பங்கள் செய்வது யாது? மூத்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்றஞ்சி நோயுற்ற பிள்ளையை உள்ளறையில் வைக்கின்றனர். குலதெய்வக் குற்றம் என்கின்றனர். அன்றேல் மருமகளின் ராசியைப் பழிக்கின்றனர். இருபாலாரிடமிருந்தும் ஒப்ப வந்த ஒன்றிற்குத் தாயை மட்டும் பழித்தல் அறமன்று, அறிவுமன்று. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர் வினவியபொழுது, நம் ஆண்டவர் எவர்மீதும் பழி சுமத்த மறுத்ததை இக்கலாசாலையிற் பயில்வோர் அறிவர்.

மானத்தைக் காக்க மறைக்கின்றோம் என்பர். மறைத்தலின் பயனோ, அயலாரிடம் கொடுக்க அஞ்சிய பெண்ணை உறவுக்குள்ளேயே கொடுப்பதும், அவ்வாறு கொடுத்தவிடத்து அந்நோயே மீண்டும் தோன்றுவதுமாம். நோயை வெளியிற் சொல்லியிருந்தால் அப்பெண் எவ்வகை அச்சமுமின்றி அயலில் வாழ்க்கைப்பட்டிருப்பாள்.

உறவுமணத்தை அடியோடு ஒழிக்கவேண்டும் என்பது எம் வாதமன்று. அவ்வழக்கத்தால் நிலமும் நேசமும் சிதறாது நின்ற குடும்பங்கள் பல. யாம் வேண்டுவது இதுவே: நடை தளர்ந்தோ, கைகால் முறுக்கியோ துன்புறும் பிள்ளை ஒன்று எக்குடும்பத்தில் இருப்பினும், ஜாதகம் பார்க்குமுன் மரபணு வைத்தியரை நாடுக. பழுது இன்னதென்று நோயாளியிடம் ஒருமுறை கண்டறிந்தால், உறவினர் எவரையும் சிறிது உதிரங்கொண்டு சோதித்தல் எளிது. இருவரும் தாங்குவோராய் இருந்தாலன்றி, மணம் நடப்பதற்கு இந்நோய் தடையாகாது.

மாணவ நண்பர்களே! கற்றவர் என்னும் பெயருடன் உங்கள் ஊர்களுக்குத் திரும்புகின்றீர். மணப்பேச்சு நிகழும் திண்ணையில், பெரியோர் மனம் நோகாவண்ணம் இச்செய்தியை எடுத்துரைக்க உங்களினும் தக்கார் யாவர்? உள்ளறையிற் கிடக்கும் அப்பிள்ளையை முற்றத்திற்குக் கொணர்வீராக. அதன் துன்பத்தை நீக்க இன்று நம்மால் இயலாது, ஆயினும் அதன் தனிமையை நீக்க இயலும்.