அந்தக் கப்பலுக்கு எண்ணெய் யார் ஊற்றுவது?

போன ஞாயிற்றுக்கிழமை இரவு, ஈப்போவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில் பெரிய போர் ஒன்று நடந்தது. மேசை மேல் ஆறு தே தாரிக், நான்கு ரொட்டி சானாய், ஒரு தட்டு மீ கோரெங். போர் வீரர்கள் என் அண்ணன் மகனும் அவனுடைய மூன்று நண்பர்களும். வேடிக்கை பார்த்தவர்கள் நானும் என் அப்பாவும்.

பிரச்சினை இதுதான். ‘ஸ்டார் வார்ஸ்’ பேரரசின் விண்வெளிப் படையும் ‘ஸ்டார் ட்ரெக்’ கூட்டமைப்பின் விண்வெளிப் படையும் மோதினால், யார் ஜெயிப்பார்கள்?

சிரிக்காதீர்கள். நீங்கள் பிள்ளைகளைப் பெற்றவராக இருந்தால், இந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் உங்கள் வீட்டு வரவேற்பறைக்கும் வரும். நீங்களே இருபது, முப்பது வயதுக்காரர் என்றால், இந்நேரம் உங்களுக்கும் ஒரு கட்சி இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டார் ட்ரெக் 1966இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. ஸ்டார் வார்ஸ் 1977இல் திரைப்படமாக வந்தது. இரண்டும் வேறு வேறு கதை, வேறு வேறு உலகம். அந்தக் கப்பல்கள் ஒன்றையொன்று சந்திக்கப் போவதே இல்லை. ஆனால், ரசிகர்கள் விடுவார்களா? பல பத்தாண்டுகளாக அவற்றை மோதவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

என் மருமகன் கம்பாரில் பொறியியல் படிக்கிறான். அவன் ஸ்டார் வார்ஸ் கட்சி. “அத்தை, ஸ்டார் டிஸ்ட்ராயர் ஒரு கப்பலே 1,600 மீட்டர் நீளம். இவனோட பழைய எண்டர்பிரைஸ் 289 மீட்டர்தான். அப்புறம் டெத் ஸ்டார் இருக்கு. அதோட குறுக்களவு 160 கிலோமீட்டர். இங்கேருந்து பினாங்கு போற தூரம் லா!”

அதோடு நிற்கவில்லை. 1980இல் வந்த ‘எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில், கப்பல் ஒன்று விண்கற்களைச் சுட்டுப் பொசுக்கும் காட்சி உண்டு. கப்பலின் நீளம் தெரியும். அதை வைத்து விண்கல்லின் அளவைக் கணிக்கலாம். கல் இரும்பு என்று வைத்துக்கொண்டால் எடை வரும். அந்த எடையை ஆவியாக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பதற்கு இயற்பியலில் கணக்கு இருக்கிறது. எத்தனை விநாடியில் பொசுங்கியது என்று பார்த்து வகுத்தால் பீரங்கியின் பலம் கிடைத்துவிடும். பள்ளியில் இந்தக் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தால் செய்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எதிர்க்கட்சிப் பையன் விடவில்லை. “உங்க கப்பல் பெருசு, சரி. எங்ககிட்ட ஆளை ஒளியாக்கி அனுப்புற கருவி இருக்கு. உங்க கவசம் ஒரு நிமிஷம் இறங்கினா போதும், குண்டை நேரா உங்க இயந்திர அறைக்குள்ளேயே இறக்கிடுவோம். அதோட, இவ்ளோ பெரிய டெத் ஸ்டார் எதுல செத்துச்சு? இரண்டு மீட்டர் அகல ஓட்டையில!”

மேசை அதிர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த என் அப்பா தலையை நிமிர்த்தினார்.

“எல்லாம் சரிடா. அந்தக் கப்பலுக்கு எண்ணெய் யாரு ஊத்துறா?”

நான்கு பையன்களும் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். ஈப்போவிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். “வண்டி எவ்வளவு பெருசோ அவ்வளவு குடிக்கும். 1,600 மீட்டர் வண்டின்னா நடுவழியில யாராவது எண்ணெய் கொண்டாந்து நிக்கணும். உள்ளே இருக்கிறவனுக்குச் சோறு வேணும். டயர் வெடிச்சா மாத்த ஆள் வேணும். அதைச் சொல்லு முதல்ல.”

சிரிப்பு அடங்கியதும் என் மருமகன் யோசிக்க ஆரம்பித்தான். அப்பா கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. 2017இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடை’ படத்தின் துரத்தல் முழுக்க, தப்பி ஓடும் கப்பல்களில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதை வைத்தே நகர்கிறது. எதிர்க்கட்சியின் ‘வாயேஜர்’ தொடரில், வழிதவறிப் போன கப்பல் 70,000 ஒளியாண்டு தூரத்தில் மாட்டிக்கொள்கிறது. முழு வேகத்தில் ஓட்டினாலும் வீடு திரும்ப 75 வருஷம் ஆகும். ஸ்டார் வார்ஸ் ஆட்களோ விண்மீன் மண்டலத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சர்வசாதாரணமாகப் போய் வருகிறார்கள். அப்படியானால், பீரங்கிக்கு முன்னால் பார்க்க வேண்டியது பாதையை. எவன் சீக்கிரம் போய்ச் சேர்கிறான், எவனுக்குப் பின்னால் சாமான் வந்து சேர்கிறது?

மறுநாள் காலை இதை என் வானொலி நிகழ்ச்சியில் சும்மா போட்டுப் பார்த்தேன். வந்த அழைப்புகளில் ஸ்டார் ட்ரெக் பேசியவர்கள் குறைவு. கர்ணனா அர்ச்சுனனா என்று கேட்டவர்கள்தான் அதிகம். ‘பாகுபலி’யின் மகிழ்மதிப் படையைச் சோழர் படை ஜெயிக்குமா என்றார் ஒரு தம்பி. எம்.ஜி.ஆர். கத்திச் சண்டைக்கு முன்னால் சிவாஜி நிற்க முடியுமா என்று தோட்டத்தில் இரண்டு லயத்துக்காரர்கள் மூன்று நாள் பேசாமல் இருந்த கதையைச் சொன்னார் ஓர் அம்மா. ஆக, இந்த வியாதி அமெரிக்காவிலிருந்து இறக்குமதி ஆனதில்லை.

கணக்குப் போடுவதிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. மகாபாரதத்தில் ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 109,350 காலாள். மொத்தம் 218,700. கௌரவர்களிடம் 11 அக்குரோணி, பாண்டவர்களிடம் 7. நம் இலக்கியத்தில் பரணி என்ற பாட்டு வகையே, போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனுக்கு என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் சொல்கின்றன. பீரங்கி பலத்தைப் பட்டியல் போடும் பையன்களுக்கு இதைச் சொன்னபோது, “தாத்தாவோட தாத்தா காலத்திலேயே நம்மாளுங்க இதைச் செஞ்சிட்டாங்களா?” என்று ஒருவன் வாய் பிளந்தான்.

ஆனால், ஜெயித்தது யார்? 11 வைத்திருந்தவன் தோற்றான்.

இதற்குக் குருச்சேத்திரம் வரை போக வேண்டியதில்லை. என் மருமகன் படிக்கும் கம்பாருக்கே போகலாம். அவன் தினமும் பார்க்கும் மலைச்சரிவில்தான் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஒரு பெரிய சண்டை நடந்தது. பிரிட்டிஷ் தரப்பில் நின்றது 11ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. சீக்கியர், கூர்க்கா, ஆங்கிலேயர் எல்லாரும் இருந்தார்கள். வடக்கிலிருந்து வேகமாக இறங்கி வந்த ஜப்பானியப் படையை அந்த மேட்டில் நிறுத்தியும் விட்டார்கள். நேருக்கு நேர் மோதலை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால், கம்பாரில் பிரிட்டிஷ் தரப்பு தோற்கவில்லை.

ஆனாலும் பின்வாங்கினார்கள். காரணம், ஜப்பானியர்கள் கடல் வழியாக வந்து ஊத்தான் மெலிந்தாங்கில் இறங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் இருக்கும் சாலை போய்விடும் என்ற நிலை. சாலை போனால் சோறும் போகும், குண்டும் போகும். ஐந்தே நாளில், ஜனவரி 7ஆம் தேதி, சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் அதே பெருஞ்சாலையில் இருட்டோடு இருட்டாக ஓடி அந்தப் படையைச் சிதறடித்தன. மலாயாவில் அப்போது பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. இங்கே டாங்கி தேவைப்படாது என்று நினைத்துவிட்டார்கள். பெருமையாக அனுப்பி வைத்த இரண்டு பெரிய போர்க்கப்பல்கள், பிரின்ஸ் ஆப் வேல்ஸும் ரிப்பல்ஸும், 1941 டிசம்பர் 10ஆம் தேதியே குவாந்தானுக்கு அப்பால் விமானத் தாக்குதலில் மூழ்கிவிட்டன. எதிரியின் காலாட்கள் பலர் வந்ததோ சைக்கிளில்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் சரணடைந்த படை, தாக்கிய படையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது. நகரில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. தாக்கிய ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவிடமும் குண்டுகள் குறைந்துகொண்டிருந்தன என்பது எதிரே இருந்தவர்களுக்குத் தெரியாது. ரசிகர்கள் போடும் அட்டவணையில் இதற்கெல்லாம் எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

இதை அந்த வாரமே மருமகனிடம் சொன்னேன். அவன் வேறு ஒன்றைச் சொன்னான். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

“அத்தை, நம்ம தாத்தா எண்ணெய் யாரு ஊத்துறான்னு கேட்டாரே, டெத் ஸ்டாரை யாரு கட்டினாங்கன்னு ஒரு பழைய சண்டை இருக்கு.” 1994இல் வந்த ‘கிளர்க்ஸ்’ என்ற படத்தில் இரண்டு கடைச் சிப்பந்திகள் இதையே பேசுவார்களாம். இரண்டாவது டெத் ஸ்டார் பாதி கட்டிய நிலையில் வெடிக்கிறது. அப்படியானால் உள்ளே குழாய் வேலை பார்த்தவன், கூரை போட்டவன் எல்லாரும் செத்திருப்பார்களே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நகைச்சுவைக் காட்சிதான். ஆனால், 2022இல் வந்த ‘ஆண்டோர்’ தொடர் அந்தக் கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொன்னது. பிடித்துக்கொண்டு போன கைதிகளை 12 மணி நேரம் நிற்க வைத்து ஏதோ ஓர் இயந்திரப் பாகத்தைச் செய்ய வைக்கிறார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. அது டெத் ஸ்டாருக்கான பாகம் என்று கடைசியில் நமக்கு மட்டும் காட்டுகிறார்கள்.

அவன் சொல்லி முடித்தபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“எங்க பெரியப்பாவும் அப்படித்தான் போனார்” என்றார்.

எனக்கு இந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். மருமகனுக்குத் தெரியவே தெரியாது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். ஜப்பான்காரன் காலத்தில் வேலை இருக்கிறது, அரிசி கிடைக்கும் என்று சொல்லி லோரியில் ஏற்றினார்கள். சயாமுக்குப் போகிறோம் என்பது பாதி வழியில்தான் தெரிந்ததாம். அதே தோட்டத்திலிருந்து போய்த் திரும்பி வந்த ஒருவர் சொன்ன செய்தி இது. பெரியப்பா திரும்பவில்லை. அப்பா பிறந்ததே அதற்குப் பல வருஷம் கழித்து. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பாட்டி சொன்னது மட்டும்.

சயாம் மரண ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் கொண்டுபோவதற்காக, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அப்பா கேட்டாரே, எண்ணெய் யார் ஊற்றுவது என்று, அந்தக் கேள்விக்கு ஒரு படை கண்டுபிடித்த பதில் அது. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருக்கிறது, காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும்பங்கு. அவர்களுக்கு இருப்பது மதிப்பீடுகள் மட்டும்தான். ஆளுக்கு ஒரு பெயர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கற்பனைக் கப்பலின் நீளம் மீட்டர் சுத்தமாகத் தெரிந்த பையன், தன் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் பெயரை அன்றுதான் முதல் முறை கேட்டான். குறை அவனுடையது இல்லை. நாங்கள் சொல்லவில்லை. கப்பல் கதையைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், சொன்னார்கள். இந்தக் கதை எங்கள் வீட்டிலேயே இருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்காக, பிள்ளைகளிடம் “வெட்டிப் பேச்சு பேசாதே, வரலாறு படி” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வெட்டிப் பேச்சு இல்லையென்றால் அப்பா அன்று வாய் திறந்திருக்கமாட்டார். பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கப்பல் பெரியது என்று கேளுங்கள். பிறகு அந்தக் கப்பலை யார் கட்டியது, யார் துடைத்தது, யார் சமைத்தது என்று கேளுங்கள். சண்டை இன்னும் சூடாகும், பயப்படாதீர்கள். நடுவில் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது செய்தித்தாளை மடித்து வைப்பார். அப்போது மட்டும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

புறநானூற்றில் சேரமான் உதியஞ்சேரலாதன் என்று ஓர் அரசன் வருகிறான். பாரதப் போரில் இரு தரப்புப் படைக்கும் குறைவில்லாமல் சோறு போட்டவன் என்று புலவர் அவனைப் பாடுகிறார். பெருஞ்சோறு என்பதே அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயிரம் யானையை வென்றவனுக்குப் பரணி பாடிய அதே தமிழில், சோறு போட்டவனுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது.

எங்கள் போர் இன்னும் முடியவில்லை. வரும் ஞாயிறு அதே மாமாக் கடை, அதே மேசை. இந்த முறை இரண்டு தரப்பும் எரிபொருள் கணக்கோடு வர வேண்டும் என்று அப்பா உத்தரவு போட்டிருக்கிறார். யார் ஜெயித்தாலும் சரி, போன வாரம் இரண்டு கட்சிக்கும் பில் கட்டியது அவர்தான்.