ரெஃபரி எந்த ஊர்?

மன்னாரில் ஒரு இறுதியாட்டம் என்றால் மைதானத்துக்குப் போகிற வழியிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். கோல் காப்பது யார், முன்வரிசையில் யார் என்பதெல்லாம் பிறகுதான். "ரெஃபரி எந்த ஊர்?" பேசாலைக்காரர் என்றால் எருக்கலம்பிட்டியில் ஒரு முணுமுணுப்பு. எருக்கலம்பிட்டிக்காரர் என்றால் பேசாலையில் அதே முணுமுணுப்பு. சரி, வவுனியாவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவோம் என்றால், அவர் பெண் எடுத்தது வங்காலையில் என்று யாராவது கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே மனிதன் கள்ளனாகிவிடுவான்.

நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். விசில் பிடிக்கத் தெரியாது. பாடசாலை அணியோடு பொறுப்பாசிரியராகப் போய் வருவதால் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டம் அது. வாப்பாமார், அப்பாமார், நானாமார், பழைய மாணவர்கள் எல்லாரும் வேலியோடு நிற்பார்கள். ஒரு ஃபவுல் கொடுபட்டால் நடுவரின் கண்ணில் தொடங்கி அவரைப் பெற்ற தாய் வரைக்கும் போகும். இங்கே எழுத முடியாத சொற்கள். ஆசிரியர்களும் கத்துகிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். காலையில் ஒழுக்கம் பற்றிப் பேசிய அதே வாய்.

கத்துகிறவர்களில் பாதிப்பேருக்கு விதி தெரியாது. எறிபந்திலிருந்து நேரே பந்தை வாங்கினால் ஓஃப் சைட் கிடையாது, கோல் கிக்குக்கும் கிடையாது. அதற்கே "ஓஃப் சைட் ஓஃப் சைட்" என்று ஒரு பக்கம் முழுக்கக் கத்தும். கையில் பட்டதெல்லாம் ஹேண்ட் போல் இல்லை என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

நம்முடைய மைதானங்களையும் கொஞ்சம் யோசியுங்கள். தீவுப் பக்கம் முழுக்க மணல். சோளகம் வீசுகிற மாதங்களில் முதல் பாதியில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை இரண்டாம் பாதியில் தேட வேண்டும். கொடி பிடிக்கப் பயிற்சி பெற்ற துணை நடுவர்கள் சின்னச் சுற்றுப்போட்டிகளுக்குக் கிடைப்பதில்லை. இரண்டு அணியிலும் உட்கார்ந்திருக்கிற பொடியன்களைப் பிடித்துக் கொடியைக் கொடுத்துவிடுவோம். ஆக நடுவர் தனி ஆள். பந்தோடு ஓடவும் வேண்டும், பந்து உதைபட்ட அந்தக் கணத்தில் கடைசிக்கு முந்திய தடுப்பாளர் எங்கே நின்றான் என்று பார்க்கவும் வேண்டும்.

அவரால் முடியாததை கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தவர் கண்டுபிடித்துவிடுகிறார். இரவு ஃபேஸ்புக்கில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, "இதுதான் நீதியா?" என்று பதிவு. ஓஃப் சைட்டைத் தடுப்பாளருக்கு நேர்கோட்டில் நின்று பார்க்க வேண்டும். சரிந்த கோணத்திலிருந்து பார்த்தால் பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்பதுபோல் தெரியும். தரம் 10 கேத்திரகணிதம் இது. அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்களில் என்னிடம் கணிதம் படித்தவர்களும் இருந்தார்கள்!

இப்படியே போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நாட்டின் கதை. 2012 டிசம்பர் 2ஆம் திகதி நெதர்லாந்தின் அல்மேரே நகரில் இளையோர் ஆட்டம் ஒன்று. ரிச்சர்ட் நியூவன்ஹவுசன் என்ற 41 வயது மனிதர் கொடி பிடித்தார். சம்பளத்துக்கு வந்தவர் இல்லை, அவருடைய மகன் அந்த அணியில் ஆடினான், அதனால் உதவிக்கு நின்றவர். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பிள்ளைகள் அவரைக் கீழே போட்டு உதைத்தார்கள். அடுத்த நாள் மௌத்தாகிவிட்டார். அந்த வார இறுதியில் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. 2013 ஜூனில் ஏழு பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். ஆறு பேர் பிள்ளைகள். ஏழாவது ஆள் ஒரு பிள்ளையின் தகப்பன், வயது 50. அவருக்கு ஆறு வருடச் சிறை. எனக்கு அந்த ஏழாவது ஆள்தான் மனதில் நிற்கிறார்.

"அது வெளிநாடு சேர்" என்பீர்கள். பக்கத்துக்கே வாருங்கள். 2023 மார்ச் 3, பெங்களூரு. ஐ.எஸ்.எல். நொக்கவுட் ஆட்டம். சுனில் சேத்ரி விரைவாக உதைத்த ஃப்ரீ கிக் கோலானது. ஏற்க மாட்டோம் என்று கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்றுநர் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போனார். கழகத்துக்கு 4 கோடி இந்திய ரூபாய் தண்டம், பயிற்றுநருக்கு 10 ஆட்டத் தடை. அதே வருடம் டிசம்பரில் துருக்கியில் அங்காராகுஜு கழகத்தின் தலைவரே மைதானத்துக்குள் இறங்கி நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். அங்கே லீக்கையே நிறுத்தினார்கள். நம் பொடியன்களின் போனில் இதெல்லாம் ஓடும். தண்டமும் தடையும் அவர்களுக்குத் தெரியாது. வெளிநடப்பு மட்டும் நன்றாகத் தெரியும். சின்னச் சின்னக் கிண்ணத்துக்கெல்லாம் "டீமை வெளியில எடு" என்று குரல் வருகிறது.

நடுவர்கள் பிழை விடுவதில்லையா, பக்கம் சாய்வதில்லையா என்று கேட்பவர்களுக்கு: பிழை விடுகிறார்கள். சாய்கிறவர்களும் இருக்கலாம். அப்படியானால் கழகம் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கட்டும், லீக் விசாரித்து அவரை நிறுத்தட்டும். வேலியில் நிற்கிற கூட்டம் விசாரணைக் குழு இல்லை. இன்னொன்று, நல்ல நடுவர் வேண்டுமென்றால் நிறைய நடுவர்கள் வேண்டும். பரீட்சை எழுதி, உடற்தகுதி ஓட்டம் ஓடி, 19, 20 வயதில் ஒருவன் முதல் தடவை விசிலோடு வருகிறான். கிடைக்கிற கொடுப்பனவு பெற்றோலுக்கே காணாது. முதல் ஆட்டத்திலேயே தாயைப் பற்றிக் கேட்டால் இரண்டாவது ஆட்டத்துக்கு ஏன் வருவான்? பழைய கால்கள்தான் மிஞ்சும். ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஓடிய கால்கள் பந்துக்குப் பக்கத்தில் போய்ச் சேராது, பிழை கூடும், நாம் இன்னும் கத்துவோம்.

ஊர் பார்க்கிற பழக்கத்துக்குத் திரும்பவும் வருகிறேன். அதுதான் எனக்கு ஆகப் பெரிய வலி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ச் சனமும் போனது. நானெல்லாம் புத்தளத்தில் வளர்ந்தவன். திரும்பி வந்த பிறகு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் வியர்த்து, விழுந்து, ஒருவனுக்கொருவன் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறதை நான் கண்டது பந்தைச் சுற்றித்தான். பாடசாலைகூடத் தனித்தனி, மைதானம் மட்டுமே பொது. அந்த மைதானத்தில் நடுவில் நிற்கிற ஒரே மனிதனை "அவன்ட ஆள், இவன்ட ஆள்" என்று பிரித்தால், பிள்ளைகள் என்ன படிப்பார்கள்? நமக்கு எதிராக முடிவு சொல்கிறவன் நம் சமூகத்துக்கே எதிரி என்றுதான் படிப்பார்கள். அந்தப் பாடம் இந்த மண்ணில் ஏற்கெனவே போதுமான அளவு படிப்பிக்கப்பட்டுவிட்டது.

செய்ய முடியாத காரியம் இல்லை. 2024 யூரோ கிண்ணத்தில் பார்த்திருப்பீர்கள், நடுவரிடம் போய்ப் பேச அணித் தலைவருக்கு மட்டும்தான் அனுமதி. நம் பாடசாலை ஆட்டங்களில் அதை நாளைக்கே கொண்டுவரலாம், ஒரு சதம் செலவில்லை. வாய் காட்டுகிறவனை 10 நிமிடம் வெளியே உட்கார வைக்கிற முறையும் இளையோர், கிராமிய ஆட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டதுதான். இங்கிலாந்தில் பரீட்சித்துப் பார்த்தபோது நடுவரோடு வாக்குவாதம் 38 சதவீதம் குறைந்தது, 2019-20 பருவத்திலிருந்து கீழ்மட்ட ஆட்டங்களில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். 2019 முதல் கோட்டுக்கு வெளியே இருக்கிற பயிற்றுநருக்கும் பொறுப்பாசிரியருக்கும் அட்டை காட்ட விதியில் இடமுண்டு. எனக்கும் காட்டலாம். அதிபர்மாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அப்படி அட்டை வாங்கிய ஆசிரியரை அடுத்த ஆட்டத்துக்கு அணியோடு அனுப்பாதீர்கள்.

என்னிடம் படித்த ஒரு பொடியன் இப்போது நடுவர் பரீட்சைக்குத் தயாராகிறான். நல்ல ஓட்டக்காரன், விதிப் புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்வான். போன வாரம் சந்தையில் அவனுடைய உம்மா என்னை மறித்தார். "சேர், நீங்க சொன்னா கேப்பான். வேணாம் எண்டு சொல்லுங்க. அடிச்சிப் போடுவாங்க."

அவன் முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிற அன்று நானும் மைதானத்தில் நிற்பேன் என்று மட்டும் அவருக்குச் சொன்னேன். இன்ஷா அல்லாஹ், உங்களில் பத்துப் பேராவது அன்று வந்து பக்கத்தில் நில்லுங்கள். திகதி வந்ததும் இங்கேயே போடுகிறேன்.