படிப்பகத்துக்கு யார் படியளப்பது?

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் காலனிகளில் இந்த நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அம்பேத்கர் மன்றத் திண்ணையிலோ, மாரியம்மன் கோயில் வாசலிலோ, யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ இருபது முப்பது பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரியில் படிக்கும் அக்கா கணக்குச் சொல்லிக் கொடுப்பார். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் அண்ணன் ஆங்கிலம் நடத்துவார். மாலை நேரப் படிப்பகம், இரவுப் பாடசாலை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வேலை ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தெருவுக்குப் போனால் அந்தப் படிப்பகம் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். அவர்கள் இடத்துக்கு இன்னொருவர் வருவதற்கு ஒரு சிறு தொகைகூடக் கொடுக்க வழி இருந்திருக்காது. பிள்ளைகள் இருக்கிறார்கள், சொல்லிக் கொடுக்க ஆளும் இருக்கிறார்கள். மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் நிலையாக வருவதற்கு வழி இல்லாமல்தான் பல படிப்பகங்கள் நின்று போகின்றன.

இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரால் டியூஷன் கட்டணம் கட்ட முடியாது. ஊர்த்தெருவில் நடக்கும் டியூஷனுக்குப் போய், தனியாக உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று தயங்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்களுக்குத் தெருமுனைப் படிப்பகம்தான் கதி. அது நின்றால் அடுத்த வழி கிடையாது.

அப்படியானால் படிப்பகத்துக்குப் படியளப்பது யார்? அரசா, தொண்டு நிறுவனமா, நாமா?

இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள். 1907ஆம் ஆண்டு சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. பெயரே விலையைச் சொன்னது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாடுபட்ட நம் மக்கள் அதை வாசித்தார்கள், பொருளுதவி செய்து தாங்கினார்கள். 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஒரு துறவியின் முயற்சியாகத் தொடங்கிய கல்விப் பணி இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாக நிற்கிறது.

1924ஆம் ஆண்டு பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். அதன் தலைவராக சர் சிமன்லால் சேதல்வாட் போன்ற செல்வாக்குள்ள ஒருவர் இருந்தார். ஆனால் நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். வெளியில் இருந்து வந்த ஆதரவை அவர் மறுக்கவில்லை. நிர்வாகத்தை மட்டும் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே அந்தச் சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது.

இந்த மூன்றிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. முதல் காசு நம் கையிலிருந்து வரட்டும். வெளி உதவி வந்தால் வாங்கிக்கொள்வோம். சாவி மட்டும் நம்மிடமே இருக்கட்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்பது வீடுகள் உள்ள ஒரு காலனி. வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய், அதாவது மாதம் 30 ரூபாய். மொத்தம் 2,400 ரூபாய். சொல்லிக் கொடுக்கும் இருவருக்கு ஆளுக்கு 1,000 ரூபாய். மீதி 400 ரூபாயில் விளக்கு, சாக்பீஸ், வினாத்தாள் நகல். ஏப்ரல் 14க்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனர்களில் சிலவற்றைக் குறைத்தாலே சில மாதச் செலவு வந்துவிடும். வேலை கிடைத்து நகரத்துக்குக் குடிபோன நம் ஆசிரியர்களும் காவலர்களும் வங்கி ஊழியர்களும் பிறந்த தெருவுக்காக மாதம் 200 ரூபாய் ஒதுக்கினால் படிப்பகம் நிமிர்ந்து நிற்கும். முடியாத வீட்டை யாரும் வற்புறுத்தக் கூடாது. பணம் கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கும் அதே பாயில் அதே இடம் வேண்டும்.

இப்படிச் சொல்வதால் அரசின் கடமை தீர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அந்தப் பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2024ஆம் ஆண்டு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தனிச் சட்டம் சட்டப்பேரவையில் நிறைவேற்றப்பட்டது. அந்த நிதியில் காலனிப் படிப்பகங்களுக்குச் சிறு மானியம் என்று ஒரு தலைப்பு ஏன் இருக்கக் கூடாது? ஒரே பக்க விண்ணப்பம், மாவட்ட அளவில் முடிவு, காலாண்டுக்கு ஒரு முறை பணம் என்று வைத்தால் போதும். இது நடக்காத காரியம் இல்லை. 2021இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தவர்கள்தானே?

ஊராட்சிகளும் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகக் கட்டடங்கள் எத்தனையோ ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. சமுதாயக் கூடத்தின் சாவி யாரோ ஒருவர் வீட்டில் தொங்குகிறது. மாலை மூன்று மணி நேரத்துக்கு ஒரு கட்டடமும் மின்சாரமும் கொடுத்தால் ஊராட்சிக்குப் பெரிய செலவு இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அங்கே எழுந்து கேட்டு, தீர்மானமாகப் பதிவு செய்ய வைத்து, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

வெளியில் இருந்து வரும் பணத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை நேரடியாகப் பெற 12ஏ, 80ஜி பதிவுகளும் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெரிய தொண்டு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தைச் சிறு குழுவுக்குப் பகிர்ந்து கொடுக்கவும் முடியாது. நான்கு பேர் சேர்ந்து ஒரு தெருவில் நடத்தும் படிப்பகத்தின் முன்னால் இரண்டு கதவுகளுமே சாத்தியிருக்கின்றன. எனவே மாவட்டத்தில் உள்ள ஆலைகளும் நல்ல மனம் கொண்டவர்களும் ஒருநாள் வந்து பை, நோட்டுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதோடு நிற்க வேண்டாம். பதிவுள்ள ஓர் அமைப்பின் வழியாகவாவது மூன்று ஆண்டுகளுக்குச் சொல்லிக் கொடுப்பவரின் ஊக்கத்தொகையை ஏற்றுக்கொள்ளுங்கள். நோட்டை எப்படியும் வாங்கிவிடுவோம். தினமும் வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் ஆளைத்தான் தக்கவைக்க முடியவில்லை.

பணம் கேட்கும் நாம் கணக்குக் காட்டவும் தயாராக இருக்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது என்பது வழக்கமாகட்டும். கணக்கு எழுத ஆளைத் தேடி அலைய வேண்டாம். 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் நம் தாய்மார்கள் தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதிப் பழகியிருக்கிறார்கள். படிப்பகத்தின் கணக்கை மாதம் ஒருமுறை அவர்கள் பார்க்கட்டும். பார்த்த கணக்கை மன்றச் சுவரில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால்தான் சந்தா நிற்கும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று அந்தப் பாயில் உட்கார்ந்து படிக்கும் நீங்கள் கல்லூரிக்குப் போன பிறகு, வாரம் இரண்டு மாலை வந்து சொல்லிக் கொடுங்கள். சம்பளம் வாங்கும் நாளில் முதல் மாதத்திலேயே அந்த 200 ரூபாயை அனுப்பத் தொடங்குங்கள். அப்போதுதான் அண்ணன் திருப்பூருக்குப் போனாலும் படிப்பகம் நடக்கும்.

வரும் கிராம சபைக்கு உங்கள் காலனியில் இருந்து ஒரு மனு போகட்டும். அந்த மாதமே வீட்டுக்கு 30 ரூபாய் வசூலும் தொடங்கட்டும். மனுவுக்குப் பதில் வரத் தாமதமாகலாம். பிள்ளைகளின் தேர்வு அதுவரை காத்திருக்காது.