5 கிலோ நாய்க்கு 10 கிலோ மூட்டை எதற்கு? டிரை ஃபுட் பையில் பார்க்க வேண்டியது என்ன?

மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஒரு ஷிட்சூ. எடை 5 கிலோ. ஆன்லைன் தள்ளுபடியில் அதற்கு 10 கிலோ டிரை ஃபுட் மூட்டை வந்து இறங்குகிறது. கிலோ விலையைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் அந்த நாய் ஒரு நாளைக்குச் சாப்பிடப் போவது சுமார் 80 கிராம். அப்படியென்றால் மூட்டை தீர 125 நாள் ஆகும், அதாவது நான்கு மாதத்துக்கும் மேல்.

பையைப் பிரித்த நாளிலிருந்து காற்றும் ஈரப்பதமும் உள்ளே போகத் தொடங்கிவிடும். டிரை ஃபுட் உருண்டைகளின் மேல் சுவைக்காகக் கொழுப்பு தடவப்பட்டிருக்கும். அது மெல்ல மெல்லக் காறல் எடுக்கும், வைட்டமின்களும் குறையும். சென்னை மாதிரி கடலோர ஊரின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். மூன்றாவது மாதத்தில் நாய் தட்டை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். "ரொம்ப செல்லம் கொடுத்துட்டோம், அதான் அடம் பிடிக்குது" என்று வீட்டில் பழி நாய் மேல் விழும். உண்மையில் அதன் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

பிரித்த பையை ஐந்தாறு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. 5 கிலோ நாய்க்கு 3 கிலோ பை 37 நாள் வரும், அதுவே சரியான அளவு.

செலவுக் கணக்கு வேறு மாதிரி

சின்ன நாய் வளர்ப்பவர்களுக்கு உள்ள பெரிய வசதி, அது கொஞ்சமாகச் சாப்பிடுகிறது என்பதுதான். கிலோ 300 ரூபாய் உணவு என்றால் 80 கிராமுக்கு 24 ரூபாய். கிலோ 500 ரூபாய் உணவு என்றால் 40 ரூபாய். வித்தியாசம் ஒரு நாளைக்கு 16 ரூபாய், ஏறக்குறைய ஒரு டீ விலை. லேப்ரடார் வளர்ப்பவர் தரத்துக்கும் பட்ஜெட்டுக்கும் நடுவில் திண்டாடுவது நியாயம். பொமேரேனியன், பக், டேஷ்ஹண்ட் வீட்டில் அந்தத் திண்டாட்டத்துக்கு அவ்வளவு அவசியம் இல்லை. அதற்காக விலை கூடியதெல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. கூடுதல் பணம் பையின் படத்துக்குப் போகிறதா, உள்ளே இருப்பதற்குப் போகிறதா என்று தெரிய வேண்டும்.

பையைத் திருப்பிப் பாருங்க

முன்பக்கத்தில் இருக்கும் 'பிரீமியம்', 'நேச்சுரல்', 'ஹோலிஸ்டிக்' எல்லாம் விற்பனைச் சொற்கள். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இது முழுமையான, சமச்சீரான உணவா? எந்த வயதுக்கு? 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது நொறுக்குத்தீனி மாதிரி, அதை மட்டும் வைத்து நாயை வளர்க்க முடியாது.

பல பைகளில் ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பின் பெயர் இருக்கும். அதைப் பார்த்ததும் 'சான்றிதழ் வாங்கிய உணவு' என்று நினைத்துவிடுகிறார்கள். ஆஃப்கோ எந்த உணவையும் சோதிப்பதும் இல்லை, அங்கீகரிப்பதும் இல்லை. அளவுகோலை மட்டும் வகுத்துக் கொடுக்கிறது. நீரை நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாய்க்கு குறைந்தது 18 சதவீதம் புரதம், குட்டிக்கு 22.5 சதவீதம் என்பது அந்த அளவுகோல். அதைப் பின்பற்றியிருப்பதாகச் சொல்வது கம்பெனிதான்.

அடுத்தது பொருள் பட்டியல். சமைப்பதற்கு முந்தைய எடையின்படி, அதிகம் உள்ளது முதலில் வரும். இதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பச்சைக் கோழி இறைச்சியில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். வெந்து காய்ந்து உருண்டையாகும்போது அந்தத் தண்ணீர் போய்விடும். ஆகவே 'சிக்கன்' முதலிடத்தில் இருக்கிறது என்பதாலேயே பையில் பாதி கோழி என்று அர்த்தமில்லை. 'சிக்கன் மீல்' என்பது ஏற்கெனவே நீர் நீக்கிய தூள், அது மட்டமான பொருள் என்று பயப்படத் தேவையில்லை. மக்காச்சோளம், மக்காச்சோள குளூட்டன், அரிசி, அரிசித் தவிடு என்று தானியத்தை நான்காகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். கூட்டிப் பார்த்தால் அதுதான் முதலிடம்.

சரி, புரத சதவீதத்தையாவது நம்பலாமா? அந்த எண் புரதத்தை நேரடியாக அளந்து வருவதில்லை. நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுகிறார்கள். 2007-ல் சீனாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன கோதுமை குளூட்டனில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் அந்த ரசாயனத்தில் நைட்ரஜன் அதிகம், சோதனையில் புரதம் கூடுதலாகக் காட்டியது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன, ஏராளமான பிராண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பெரிய எண்ணைத் துரத்துவதைவிட, மூலப்பொருளை யார் சோதிக்கிறார்கள் என்று கேட்பது முக்கியம்.

'கிரெயின் ஃப்ரீ' மோகத்துக்கும் இதே கதிதான். தானியம் ஒத்துக்கொள்ளாத நாய்கள் குறைவு. தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டாணியும் பருப்பும் போடுகிறார்கள். அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க எஃப்டிஏ 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. காரணம் இதுதான் என்று உறுதியாகவில்லை. ஆனால் மருத்துவர் சொல்லாமல் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பானேன்?

சைவ வீடுகளில் இன்னொரு கேள்வி வரும். பூனையைப் போல் அல்லாமல், சரியாக வகுக்கப்பட்ட சைவ உணவில் நாய் வாழ முடியும். அந்த 'முழுமையான' வாக்கியம் பையில் இருக்க வேண்டும். தயிர்சாதமும் பாலும் மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

அளவுதான் பெரிய சிக்கல்

5 கிலோ நாய் ஓய்வாக இருந்தாலே உடலுக்குச் சுமார் 235 கலோரி வேண்டும். வீட்டுக்குள் இருந்தபடி காலை மாலை நடை போகும் நாய்க்கு 300 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே போதும். டிரை ஃபுட் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி வரை இருக்கும். 80 கிராம் என்ற கணக்கு இப்படி வந்ததுதான். இளம் துறுதுறு நாய்க்குக் கூடும், கருத்தடை செய்த சோம்பேறிக்குக் குறையும்.

இப்போது அந்த வீட்டு டீ நேரத்தைப் பாருங்கள். தாத்தா இரண்டு மேரி பிஸ்கெட், பேரன் இரண்டு. ஒரு பிஸ்கெட் சுமார் 25 கலோரி என்றால் நான்குக்கு 100. நாயின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே முடிந்தது. அதன் பிறகு தட்டில் வைத்ததைச் சாப்பிடவில்லை என்று பிராண்டை மாற்றுகிறார்கள்! கூடுதல் எடை லேப்ரடாருக்கே கெடுதல். டேஷ்ஹண்டின் முதுகெலும்பும், பொமேரேனியனின் மூச்சுக்குழலும், பக்கின் சுவாசமும் அதைத் தாங்கவே தாங்காது. டம்ளரில் அளக்காமல் கிச்சன் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவது இதற்கு எளிய வழி. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும்.

'ஸ்மால் பிரீட்' என்று எழுதிய பை கட்டாயமா? உருண்டை சிறிதாக இருக்கும் என்பது உண்மையான பயன், சின்ன வாயால் கடிக்க முடியும். கலோரி அடர்த்தியும் பெரும்பாலும் கூடுதல், ஆகவே பழைய அளவையே போட்டால் எடை ஏறும். பல் சுத்தமாகும் என்ற வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டாம். பிரஷ்தான் அந்த வேலையைச் செய்யும்.

லூஸில் வாங்கலாமா?

கூடாது. பெட் ஷாப் வாசலில் திறந்த சாக்கிலிருந்து அள்ளித் தரும் உணவில் தயாரிப்பு தேதி இல்லை, காலாவதி தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. நாமக்கல் கோழிப் பண்ணையாளர்களுக்கு அஃப்ளடாக்ஸின் புதிய சொல் அல்ல. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது, சூடாக்கினாலும் முழுதாக அழியாது, ஈரலைத் தாக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு டிரை ஃபுட்டில் அது இருந்தது தெரிந்து, 100-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தகவல் வந்தது. அங்கே பேட்ச் எண் இருந்ததால் பைகளைத் திரும்பப் பெற முடிந்தது. லூஸில் வாங்கியவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்? 5 கிலோ உடம்பில் நஞ்சு கொஞ்சம் போனாலே அதிகம்.

அதே காரணத்துக்காக, வீட்டுக்கு வந்ததும் உணவை பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடுவதும் தவறு. பையோடு சேர்த்து டப்பாவுக்குள் வைத்து மூடலாம். டப்பாவின் அடியில் படிந்த பழைய கொழுப்பு புதிய உணவையும் கெடுக்கும்.

புதிய உணவுக்கு மாறும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்ட வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பைகளுக்கு நடுவில் குழப்பம் இருந்தால், பையில் அச்சிட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு நான்கு கேள்வி அனுப்பலாம். உலக சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கமும் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: உணவை வகுத்தது யார், அவருடைய படிப்பு என்ன? சொந்தத் தொழிற்சாலையா, வெளியில் செய்து வாங்குகிறீர்களா? ஒவ்வொரு பேட்சிலும் என்ன சோதிக்கிறீர்கள்? 100 கிராமுக்கு எத்தனை கலோரி? ஒரு வாரத்தில் உருப்படியான பதில் வராவிட்டால், அலமாரியில் பக்கத்துப் பையை எடுக்கலாம்.