செந்தலைக் குருவி

வெயிலை நாடி வரும் பக்ஷிகளைப் பற்றியே எழுதுகிறீரே, குளிரில் சுகமாக வாழும் பக்ஷி கிடையாதா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. ‘ரெட்போல்’ என்னும் சின்னஞ்சிறு குருவிதான் அது.

அதன் எடை ஏறக்குறைய ஒன்றரைச் சவரன். உடம்பெல்லாம் பழுப்புக் கோடுகள். நெற்றிக்கு மேலே குங்குமம் அப்பினாற்போல் ஒரு சிவப்பு. ஸ்காண்டிநேவியா, ஸைபீரியா, அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து என்று பூமியின் சிரசைச் சுற்றி வளையமிட்டாற்போல் இதன் ராஜ்யம் பரந்து கிடக்கிறது. பெருமரங்கள் குறைந்து புதர்களாகும் எல்லையிலே, குட்டை வில்லோக்களிலும் பூர்ஜ மரங்களிலும் கூடு கட்டுகிறது. காச்மீரத்துப் பண்டிதர்கள் ஏடெழுதிய பட்டை இமயத்துப் பூர்ஜ மரத்தினுடையது. இது அதன் வடதேசத்து உறவு.

குளிர்காலத்தில் அந்த மரத்தின் விதைதான் முக்கிய ஆகாரம். பகலோ சொற்பம், இரவோ நீண்டது, குளிர் சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி. ஓர் இரவு பட்டினி கிடந்தால் காலையில் உயிர் இராது. ஆகையால் தொண்டையில் இயற்கை ஒரு பையை அமைத்திருக்கிறது. வெளிச்சம் உள்ளபோதே விதைகளை அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு, காற்றுப் படாத மறைவுக்குப் போய், மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து உமி நீக்கித் தின்னும். சில இரவுகளில் பனிக்குள்ளேயே ஓரடிக்கு மேல் சுரங்கம் தோண்டி உறங்குவதும் உண்டு. பனிதான் அதற்குக் கம்பளி!

வெண்மை மிகுந்தது, பழுப்பு மிகுந்தது, உருவில் சிறியது என்று இவற்றை மூன்று சாதிகளாகப் பண்டிதர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். நிறபேதத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே குரோமோஸோமின் ஒரு பகுதிதான் என்று 2021-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 2024-ல் அமெரிக்கப் பக்ஷி சாஸ்திரிகளின் சங்கம் எல்லாம் ஒரே சாதி என்று தீர்ப்பளித்துவிட்டது. மனிதர் விஷயத்தில் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு வருவதில்லை.

நியூஜீலந்திலும் இக்குருவி உண்டு. ஆனால் தானாகப் போகவில்லை. 19-ம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறர் தேசத்தைத் தங்கள் ஊராகவே ஆக்கிக்கொள்ளக் குருவியும் வேண்டியிருந்தது போலும்!

வடக்கே பூர்ஜ விதை பொய்த்த வருஷங்களில் இவை கூட்டங் கூட்டமாகத் தெற்கே இறங்குகின்றன. விதை கண்ட இடமே ஊர். சென்ற குளிர்காலத்து ஊருக்கே திரும்ப வேண்டுமென்ற நியதியில்லை. பெல்ஜியத்தில் காலில் வளையமிடப்பட்ட குருவியொன்று, இரண்டு வருஷம் கழித்துச் சீனாவில் அகப்பட்டது.