நான்காம் கூறு எங்கே?

மருந்து என்பது குப்பியில் அடைபட்ட பொருள் மட்டும் அன்று. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்று திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் பகுத்துரைக்கிறது. அந்த அதிகாரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துவரும் தமிழ்ச் சமுதாயம், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் திறத்தில் மட்டும் நான்காம் கூற்றை மறந்துவிட்டது.

மலேசியாவில் இத்தொற்று 1986-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அன்று அதனை அடக்கும் மருந்து எங்கும் இல்லை. 1996-க்குப் பின் கூட்டு மருந்துச் சிகிச்சை உலகெங்கும் பரவலாயிற்று. 2006 முதல் இந்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் குடிமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கலாயின. தாயிடமிருந்து சேய்க்கு இத்தொற்று பரவுவதை ஒழித்த நாடென 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. நாள் தவறாது மருந்துண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனைக்குப் புலப்படாத நிலையைக் காத்துவருபவரிடமிருந்து உடலுறவின் வழி பிறர்க்குத் தொற்று பரவாது என்பதும் இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. மருத்துவர் உளர், மருந்து உண்டு. துணைநிற்போர் எங்கே?

‘மருந்துதான் கிடைக்கிறதே, பின்னர் ஆலோசனை எதற்கு?’ என்று வினவுவார் உளர். இம்மருந்து ஒரு வாரம் உண்டு நிறுத்தும் காய்ச்சல் மருந்தன்று. வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டுவது. அடிக்கடி தவறினால் கிருமி மருந்தையே எதிர்த்து நிற்கும் வலிமை பெறும். வீட்டார் கண்ணில் படாமல் மாத்திரையை ஒளித்துவைப்பவர் ஒரு வேளையேனும் தவறவே செய்வார். தெரிந்தவர் எவரேனும் காண்பரோ என்று அஞ்சுபவர் மருத்துவமனை வாயிலோடு திரும்பிவிடுவார். சோதனை முடிவை மரண ஓலையாக எண்ணியவர் மறுமுறை வருவதே இல்லை. சோதனைக்கு முன் விளக்குதல், முடிவு தெரிந்த நாளில் உடனிருத்தல், யாரிடம் எப்போது சொல்வது என்று வழிகாட்டுதல், வாழ்க்கைத் துணையையும் சோதனைக்கு அழைத்துவரத் துணிவூட்டுதல், திருமணமும் மகப்பேறும் கைகூடும் என்று தெளிவித்தல் ஆகியவை ஆலோசகரின் பணிகள். இவை எந்த மருந்துக் கடையிலும் விலைக்குக் கிடையா.

‘ஒழுக்கம் தவறியோர்க்கு இரக்கம் எதற்கு?’ என்பது மற்றொரு கூற்று. 1986-இல் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த குழுவை வழிநடத்தியவர் மருத்துவர் சுனிதி சாலமன். அவர் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கிச் சோதனையோடு ஆலோசனையையும் இணைத்தார். அங்கு வந்த பெண்களுள் பலர் தம் கணவரையன்றிப் பிற ஆடவரை அறியாதவர். அவர்கள் இழைத்த குற்றம் யாது? பிழை செய்தவரே ஆயினும், நோய்க்கு முன் நீதிபதி வேடம் புனைவது அறமாகுமா? வாய்க்கட்டுப்பாடின்றி உண்டு நீரிழிவு கண்டவரைத் திண்ணையில் படுக்கவைத்துத் தனித்தட்டில் சோறிட்டவர் எவரேனும் உண்டா? ஒன்றாக உண்பதாலோ கைகுலுக்குவதாலோ கொசுக்கடியாலோ பரவாத கிருமிக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

வறுமையுற்ற பாணனுக்கு, வளம்பெற்று மீளும் பாணன் வழிசொல்லி அனுப்பும் ஆற்றுப்படை தமிழர் கண்ட இலக்கிய வகை. தொற்றுடன் பல்லாண்டு வாழ்ந்தவர், புதிதாய் அறிந்து கலங்குபவருக்குத் துணைநிற்கும் பணியும் அதுவே. கோலாலம்பூரில் 1987-இல் தோன்றிய ஓர் அமைப்பு தொலைபேசி வழி ஆலோசனை கூறத் தொடங்கியது. 1992-இல் மலேசிய எய்ட்ஸ் மன்றம் அமைந்தது. இவ்வழியில் தமிழ்ச் சங்கங்களும் ஆலயங்களும் ஏன் நடக்கலாகாது? துயரம் தாய்மொழியிலேயே வாய்திறக்கும். மருத்துவமனையில் பிறமொழியில் கேட்டதை வீட்டிலுள்ள தாய்க்கு விளக்கச் சொற்களின்றித் தவிக்கும் மகனுக்கு, தமிழறிந்த ஓர் ஆலோசகர் வேண்டும்.

அந்த ஆலோசகருக்கு முதல் தகுதி மறைகாத்தல். தொற்றுடையோர் 14,200 பேரின் விவரங்கள் பதிவேட்டிலிருந்து கசிந்து இணையத்தில் வெளியான செய்தியைச் சிங்கப்பூர் 2019 ஜனவரியில் அறிந்தது. ஒரு நாட்டின் பதிவேடே கசியுமெனில், ஊர்வாய் எம்மாத்திரம்? காதில் விழுந்ததைத் தேநீர்க் கடையில் இறக்கிவைப்பவர் இப்பணிக்கு வரலாகாது.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. ‘உயிர்க்கொல்லி நோய்’ என்னும் தொடர் மாணவர் கட்டுரைகளில் இன்றும் எய்ட்ஸுக்கு அடைமொழியாக வருகிறது. மருந்தற்ற காலத்தில் பொருந்திய அத்தொடர், தக்க காலத்தில் மருந்துண்பவர் நெடுங்காலம் வாழும் இக்காலத்தில் பொய்யுரை. அந்தச் சொல்லைப் படித்து வளரும் மாணவர் நாளை சோதனைக்கே அஞ்சுவர். தொற்றுடைய தந்தையைக் கொண்ட மாணவனோ அதே வகுப்பில் தலைகுனிந்து அமர்ந்திருப்பான். சிவப்பு மையால் ஒற்றுப்பிழையைத் திருத்தும் ஆசிரியர் முதலில் திருத்த வேண்டிய பிழை இதுவே.