ஒரு சீசன் போதுமா?

கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்தால், "ஒரு சீசன் பார்ப்போம், தேறாவிட்டால் அனுப்பிவிடுவோம்" என்கிறார்கள் கமிட்டிக் கனவான்கள். எங்கள் மயிலம் பக்கத்தில் பனங்கொட்டை புதைத்தவன் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறான். மறுவருஷமே கலயத்தோடு வந்து நிற்பதில்லை.

ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம் பழக்கிய இந்திய அணி, 1951-ல் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. "பார்த்தீரா, வந்தவுடனே!" என்பீர்கள். பொறுங்கள். மறுவருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா பத்துக்கு ஒன்று என்று நம்மவர்களை நையப் புடைத்தது. பலர் வெறுங்காலோடு ஆடினார்கள், பாவம். நம் கனவான்களாயிருந்தால் அன்றிரவே ரஹீமின் சீட்டைக் கிழித்திருப்பார்கள். அணி மறுபடி அவரிடமே வந்ததால்தான் 1956-ல் மெல்போர்னில் நாலாம் இடம். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று மீண்டும் தங்கம். அடுத்த வருஷம் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்தத் தங்கம் அப்புறம் நம் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லூரியில் கணக்கு இன்னும் சுலபம். பையன் மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கிப் போகிறவன். புதியவர் கைக்கு வருவது முன்னவர் பொறுக்கிய பிள்ளைகள். அவரே பொறுக்கிய முழு அணி மைதானத்தில் இறங்க மூன்றாம் வருஷமாகும். அது ஒன்றோடொன்று ஒட்ட இன்னொரு வருஷம். நாலு வருஷம் கொடுங்கள் ஐயா! அதற்குள் அவரிடம் கணக்குக் கேட்க எந்தக் கமிட்டிக்கும் யோக்யதை கிடையாது.